கொழுப்பு அமிலப் பாடம்: முதலில் மீனைக் கேளுங்கள்

பீடோர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும், பழைய ஈயச் சுரங்கக் குளங்களில் மீன் வளர்க்கும் வீடுகளிலிருந்தும் மீன்வளப் படிப்புக்குச் செல்லும் தம்பி தங்கைகளுக்கு இது.

மீன் இனப்பெருக்கத்தில் கொழுப்பு அமிலங்கள் என்ற பாடத்தில் 18:3, 20:5, 22:6 என்ற எண்களைப் பார்த்ததும் பலர் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். முதல் எண் அமிலச் சங்கிலியில் எத்தனை கார்பன் என்பது. அடுத்தது எத்தனை இரட்டைப் பிணைப்பு என்பது. அது போதும். அதற்குப் பதிலாக, தாய்மீன் தின்ற எண்ணெய் எங்கே போகிறது என்று பின்தொடருங்கள். ஈஸ்ட்ரோஜன் தூண்ட, ஈரல் வைட்டலோஜெனின் என்ற புரதத்தை உண்டாக்குகிறது; அது கொழுப்பையும் சுமந்து இரத்தத்தின் வழியே சினைமுட்டைக்குள் சேர்கிறது.

வாய்ப்புக் கிடைத்தால் சியாக்காப் (கொடுவா மீன்) முட்டையை நுண்ணோக்கியில் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே ஒற்றை எண்ணெய்த் துளி பளிச்சென்று தெரியும். பொரித்த குஞ்சுக்கு வாய் திறக்கும்வரை அந்தத் துளியும் மஞ்சள் கருவும்தான் கட்டுச்சோறு. தாய் தின்னாமலும் தானே ஆக்காமலும் விட்டது அதில் இருக்காது.

டிஎச்ஏ, அதாவது அந்த 22:6, கண்ணின் விழித்திரைக்கும் மூளைக்கும் வேண்டும். அது குறைந்த இரையைத் தின்ற ஹெர்ரிங் குஞ்சுகள் மங்கிய வெளிச்சத்தில் இரை பிடிக்கத் திணறியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அராகிடோனிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலத்திலிருந்து, ஒரு நொதியின் வழியே, புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற ஹார்மோன் போன்ற பொருள்கள் உருவாகி, சினை வெளியேற உதவுகின்றன. ஈபிஏ, அதாவது 20:5, அதே நொதிக்குப் போட்டியிடுகிறது. ஆகவே அளவோடு விகிதமும் முக்கியம். வாய்மொழித் தேர்வில் இந்த இடத்தைத்தான் துருவுவார்கள்.

இனி, நம் ஊர்ப் பிள்ளைகள் சிறப்பாக எழுதக்கூடிய பகுதி. செம்பனை எண்ணெயில் பால்மிட்டிக், ஒலேயிக் அமிலங்கள் மிகுதி, டிஎச்ஏ கிடையாது. ஆனாலும் அந்த எண்ணெய் சேர்த்த தீவனம் தின்ற பெண் திலாப்பியாக்கள், மீன் எண்ணெய் தின்றவற்றைவிட நன்றாக முட்டையிட்டதாக 2011-இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்று கூறுகிறது. நன்னீர் மீன்கள் பல, குறுகிய அமிலங்களை நீட்டித் தமக்கு வேண்டியதை ஆக்கிக்கொள்ளும். கடல் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. விடையின் முதல் வரியிலேயே எந்த மீன், எந்த நீர் என்று எழுதிவிடுங்கள்.

வீட்டில் தீவன மூட்டை இருந்தால் அதன் சீட்டைப் படியுங்கள். கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று இருக்கும். எந்தக் கொழுப்பு என்று பெரும்பாலும் இருக்காது. அங்கிருந்தே நல்ல கேள்விகள் பிறக்கும்.

மீன் குஞ்சுகளுக்கு உயிர் இரையாகக் கொடுக்கும் சிற்றிறால் போன்ற ஆர்ட்டீமியாவையும் விட்டுவிடாதீர்கள். அதில் இயல்பாக டிஎச்ஏ இல்லை என்பதால் எண்ணெய்க் குழம்பூட்டிக் கொடுப்பார்கள். ஊட்டியதையும் அது சிறிது சிறிதாக ஈபிஏ ஆக மாற்றிவிடும். ஊட்டிய கையோடு குஞ்சுகளுக்கு இட வேண்டும் என்ற காரணத்தைச் சேர்த்து எழுதினால் விடை முழுமை பெறும்.