காரன்வாலிஸ் இங்கேயுமா?

நியூஜெர்சியில் வந்து இந்தப் பெயரைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. காரன்வாலிஸ்! நிலையான நிலவரித் திட்டம், 1793, ஐந்து மதிப்பெண் கேள்வி. ஹட்சன் ஆற்றங்கரையில் ஃபோர்ட் லீ பூங்காவின் தகவல் பலகையில் அவரேதான்.

இங்கே கதை 1776இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது நடக்கிறது. நவம்பர் 16 அன்று எதிர்க்கரையில் இருந்த வாஷிங்டன் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. சுமார் 2,800 பேர் சிறைப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் ஆற்றைக் கடந்து, வடக்கே செங்குத்துப் பாறையில் படையை ஏற்றினார். செய்தி கேட்டதும் இந்த ஃபோர்ட் லீ கோட்டையில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டனின் ஆட்கள் பீரங்கி, கூடாரம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள்.

"ஓடிப்போன இடத்துக்கா இவ்வளவு அழகா பூங்கா கட்டியிருக்காங்க?" என்றாள் மனைவி.

எனக்கு ஊர் ஏக்கமெல்லாம் போய்விட்டது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். பனி அள்ளப் பழகியாயிற்று, காப்பிகூட இந்த ஊர்க் காப்பிதான். ஆனால் பாறை விளிம்பில் நின்று ஆற்றைப் பார்த்தபோது மனசு நேரே திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போய்விட்டது. கோடை விடுமுறையில் அத்தை பிள்ளைகளோடு ஏறுவோம். மேலே காற்று தள்ளும். சிறுமலைப் பழத்தை உரித்துக்கொண்டு எங்கள் வீடு எது என்று தேடுவோம். அந்தக் கோட்டை திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது 1792 ஒப்பந்தத்தில். கைமாற்றியவர் யார்? இதே ஆசாமி!

எனக்குத் தாங்கவில்லை. அதே போரில், 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் முழுப் படையோடு சரணடைந்தவர் இவர். சரணடையும் சடங்குக்கே உடம்பு சரியில்லை என்று வேறொருவரை அனுப்பியவர். அவரை வீட்டில் உட்காரவைக்காமல் 1786இல் கவர்னர் ஜெனரலாக நம் தலையில் கட்டினார்கள். வந்தவர் திப்புவின் பாதி ராஜ்ஜியத்தையும் வாங்கி, இரண்டு பையன்களையும் பிணையாகப் பிடித்துக்கொண்டார். இந்த ஊர்க்காரர்கள் துரத்தியது சரி, கொஞ்சம் வேறு திசையில் துரத்தியிருக்கக் கூடாதா?

அங்கிருந்த தன்னார்வலரிடம், யார்க்டவுனுக்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று கேட்டேன். "இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய்விட்டார்" என்றார். மீதிக் கதையை நான் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பதவி உயர்வா?" என்றார். அதோடு மார்க்விஸ் பட்டமும் கொடுத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாலத்துக்குப் போகிற வண்டிகள் சாலையை அடைத்துவிடும் என்று மனைவி இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.