பழைய ஆல்டிஸும் புதிய ஹையேஸும்: தேக்காவிலிருந்து லிம் சூ காங் வரை

தேக்காவில் கிளம்பி தாம்சன் சாலை, பழைய அப்பர் தாம்சன் சாலை, மண்டாய், கிராஞ்சி, நியோ தியூ சாலை, கடைசியில் லிம் சூ காங். ஒரு வண்டியின் குணத்தை எடைபோட சிங்கப்பூருக்குள் இதைவிட நல்ல வழி இல்லை. ஓட்டிப் பார்ப்பது இரண்டு டொயோட்டா வண்டிகள். 2006ஆம் ஆண்டின் ஆல்டிஸ் 1.6 கார் ஒன்று. அதற்குப் பல ஆண்டு இளைய ஹையேஸ் 3.0 டீசல் வேன் இன்னொன்று.

நகருக்குள் சிக்னல் பச்சையானதும் வேன்தான் இழுக்கும். அதன் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (இழுவைத் திறன்) எஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. ஆல்டிஸில் 150தான், அதுவும் 4000 சுற்றை நெருங்க வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் அதன் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ஒரு கணம் யோசித்துத்தான் கியரைக் குறைக்கும்.

பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு வந்ததும் கதை மாறுகிறது. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்த சாலை இது. இன்று ஒருவழி, குறுகலானது, குரங்குகள் குறுக்கே வரும். வேகம் வேண்டாம், மெதுவாகப் போனாலே வித்தியாசம் கைக்குத் தெரியும். இரண்டிலும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான்: ஆல்டிஸ் 2600 மி.மீ., ஹையேஸ் 2570. மாறுவது ஓட்டுநர் உட்காரும் இடம். காரில் முன்சக்கரம் நமக்கு முன்னால் இருக்கிறது. வேனில் நாம் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். கார் பழக்கத்தில் ஸ்டியரிங்கை முன்கூட்டியே திருப்பினால் பின்சக்கரம் உள்பக்கத் திட்டில் ஏறிவிடும். அரை விநாடி பொறுத்துத் திருப்புங்கள்.

ஆல்டிஸ் வளைவில் வேகம் கூடினால் மூக்கு வெளியே தள்ளும். காலை மெல்ல எடுத்தால் திரும்பிவிடும். காலி வேன் அப்படியல்ல. பின்சக்கரம்தான் இழுக்கிறது, அதன் மேல் பாரமோ இல்லை. மழையில் வளைவின் நடுவே ஆக்சிலேட்டரை மிதித்தால் வால் நழுவும். பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, கால் அசையாமல் கடந்து போங்கள். சரக்கு இருந்தால் கனமானதைத் தரையில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பின்கதவோரம் குவித்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும். டயர் காற்றழுத்தம் கதவோர அட்டையில் இருக்கும்; காலிக்கும் பாரத்துக்கும் வேறு எண் இருந்தால் அதன்படி மாற்றுங்கள்.

நியோ தியூ சாலை மேடுபள்ளத்தில் வேனின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (அடுக்குத் தகடு ஸ்பிரிங்), வண்டி காலியாக இருந்தால் துள்ளும், பாரம் ஏறினால் அடங்கும். ஆல்டிஸ் மென்மையாகப் போகும், சஸ்பென்ஷன் ரப்பர் நன்றாக இருந்தால். பழைய காரை முதலில் கெடுப்பது இந்த ரப்பர்தான்: சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் வெடித்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சிறு பள்ளத்தில் 'டக்' என்று கேட்டால் ஸ்டெபிலைசர் லிங்க்கை (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பியின் இணைப்பை) பாருங்கள். பிரேக்கில் ஸ்டியரிங் நடுங்கினால் முன் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். ஷாக் அப்சார்பரை எப்போதும் ஜோடியாக மாற்றி, பிறகு சக்கரங்களை நேராக்கும் அலைன்மெண்ட் செய்யுங்கள். இவ்வளவும் செய்த ஆல்டிஸ் வளைவில் புது வேனைத் தாராளமாக மிஞ்சும்.

லிம் சூ காங் நேர்சாலையில் பக்கக்காற்று வீசும்போது, 1.98 மீட்டர் உயர வேன் அசையும். இரு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். திரும்பும்போது விரைவுச்சாலையில் வேனுக்கு 70 கி.மீ.தான் வரம்பு, கார்களுக்கு 80 அல்லது 90. ஆகவே இடது தடத்திலேயே வாருங்கள். கூரையில் கேரியர் பொருத்தியிருந்தால், பலமாடி கார் நிறுத்துமிடத்தின் உயரக் கம்பியில் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே நுழையுங்கள்.