கெமிஸ்ற்றி சேரின் கேள்வி

கெமிஸ்ற்றி சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்த அன்றிரவே எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் அவருடைய பழைய படங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றிலும் அதே அரைக்கை வெள்ளைச் சேட்டு, பொக்கற்றில் அதே சிவப்புப் பேனை. பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். பிரார்த்தனைக்குப் பிந்தி வருபவர்களை அவர் பார்க்கும் பார்வை, சனிக்கிழமை வகுப்புகள், பிக்மட்ச் நாளிலும் வைத்த சோதனை எல்லாவற்றையும் மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது ஒரேயொரு பரிசோதனையைப் பற்றி. என் தொழில் முழுவதும் அதற்குள் அடங்கியிருந்தது.

1979. உயர்தர வகுப்பு, பழைய ஆய்வுகூடம். போட்டோ ஸ்ரூடியோ ஒன்றில் கேட்டு வாங்கிய ஹைப்போவைப் பழுப்புக் காகிதச் சரையில் கொண்டுவந்திருந்தார் சேர். சோடியம் தயோசல்பேற்று. படம் கழுவுகிற அதே உப்புத்தான். கொதிகுழாயில் போட்டுச் சூடாக்கினார். 48 பாகை வந்ததும் அது தன் பளிங்கிலுள்ள நீரிலேயே கரைந்து தெளிந்துவிட்டது. குழாயின் வாயைப் பஞ்சால் அடைத்துத் தாங்கியில் நிறுத்திவிட்டு மற்றப் பாடத்தை நடத்தினார். அரை மணி நேரத்தில் அது ஆறிப்போயிற்று. ஆனால் கட்டியாகவில்லை, தண்ணீர் மாதிரியே நின்றது. அப்புறம் பஞ்சை எடுத்து, நகநுனியளவு ஹைப்போத் துண்டு ஒன்றை உள்ளே போட்டார். அது விழுந்த இடத்திலிருந்து வெள்ளை ஊசிகள் கிளம்பிக் கீழ்நோக்கி ஓடின. கண் மூடித் திறப்பதற்குள் முழுக்குழாயும் இறுகிவிட்டது. சேர் அதை வாங்கு வாங்காகக் கொடுத்து எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நல்ல சூடு.

“மிகைநிரம்பிய கரைசல் பார்வைக்கு அமைதியாகத்தான் இருக்கும். அது எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று எப்போதும் கேளுங்கோ.” அன்று அவர் சொன்னது இவ்வளவுதான். மிகைநிரம்பியது என்றால், கரையக்கூடிய அளவுக்கு மேலாகவும் கரைந்து நிற்பது.

அதே 1979இன் கடைசியில் அமெரிக்காவில் முதலாவது மருந்துப் பிளாஸ்ரருக்கு அனுமதி கிடைத்தது என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டினால் 3 நாளைக்குக் கடற்பயணக் குமட்டலைத் தடுக்கும் ஸ்கோபொலமைன் பிளாஸ்ரர் அது. உருகுவேயில் பிறந்த அலெஹாந்திரோ சஃபரோனி என்ற இரசாயனவியலாளர் 1968இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அல்சா நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. மருந்தை விழுங்காமல், ஊசியும் போடாமல், தோல் வழியாக அளவோடு உள்ளே அனுப்பலாம் என்று அவர் உறுதியாக நம்பினார். 1971இலேயே அதற்குக் காப்புரிமையும் பெற்றிருந்தார்.

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, சுற்றிச் சுழன்று, கடைசியில் மினசோட்டாவில் வந்து நின்றது அந்தத் துறையில்தான். என் வேலை மருந்தோடு அல்ல, பசையோடு. பலருக்கு இது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் பிளாஸ்ரரின் உயிரே பசைதான். லேசாக அழுத்தியதும் ஒட்ட வேண்டும், வியர்வையிலும் குளிப்பிலும் 3 நாள், சிலவேளை 7 நாள் கழராமல் நிற்க வேண்டும், உரிக்கும்போது வயதானவர்களின் மெல்லிய தோலைக் கிழிக்கவும் கூடாது. இப்படி ஒன்றுக்கொன்று எதிரான குணங்களை ஒரே பல்பகுதியத்துக்குள் (பொலிமருக்குள்) கொண்டுவர வேண்டும். 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்குவிஸ்ட் இதற்கு ஓர் எல்லை வகுத்தார். பசையின் விறைப்பு ஏறக்குறைய 3 இலட்சம் பாஸ்கலுக்கு மேல் போனால் அது தோலின் மேடுபள்ளங்களுக்குள் இறங்காது, ஒட்டாது. அதற்காக மிகவும் மென்மையாக்கினால் உரிக்கும்போது பசை தோலிலேயே தங்கிவிடும். பொலிஐசோபியூற்றிலீன், அக்கிரிலேற்று, சிலிக்கோன் ஆகிய மூன்று குடும்பங்களுக்குள்தான் பெரும்பாலும் எங்கள் தேடல் எல்லாம்.

தோலின் மேற்படை 20 மைக்ரோமீற்றர்கூட வராது. ஆனால் செத்த கலங்கள் செங்கல்லாகவும் கொழுப்பு சாந்தாகவும் அடுக்கப்பட்ட சுவர் அது. 500 டோல்டனுக்கு (மூலக்கூற்றின் திணிவை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகளை அது இலேசில் உள்ளே விடாது. சிறிய மூலக்கூறுகளையும் தள்ளித்தான் அனுப்ப வேண்டும். பசைக்குள்ளேயே மருந்தைக் கரைத்துவிடும் முறையில் அந்தத் தள்ளுவிசை கரைசலின் செறிவிலிருந்து வருகிறது. நிரம்பல் நிலையை எவ்வளவு நெருங்குகிறோமோ, மருந்து அவ்வளவு வேகமாகப் பசையை விட்டு வெளியேறும். நிரம்பல் நிலையைத் தாண்டினால் இன்னும் வேகம்.

இதையெல்லாம் ஒருமுறை சேருக்கு விளக்கமாக எழுதினேன். 90களின் நடுப்பகுதி. கடிதங்கள் கொழும்புக்கு வருகிற யாராவது ஒருவரின் கைப்பைக்குள் வந்துசேர்ந்த காலம். மாதங்கள் கழித்து வந்த பதிலில் என்னைப் பாராட்டி ஒரு வரி. அதற்கடுத்த வரியே கேள்வி: “நீர் சொல்லும் பசை நிரம்பிய கரைசலா, மிகைநிரம்பிய கரைசலா? மிகைநிரம்பியது என்றால், நோயாளியின் வீட்டில் அது பளிங்காகாது என்று எப்படித் தெரியும்?”

எங்கள் துறையின் மிகப் பெரிய பயம் அதுதான். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், எந்தச் சஞ்சிகையும் கைக்கு எட்டாத ஊரில் இருந்துகொண்டு, நேரே அங்கே வந்து கைவைத்துவிட்டார் மனிதர். பொலிவைனைல்பிறோலிடோன் போன்ற இன்னொரு பல்பகுதியத்தைக் கலந்து மருந்து மூலக்கூறுகள் ஒன்றுசேராமல் பிடித்துவைப்போம் என்று எழுதினேன். “பிடித்துவைக்கலாம். எவ்வளவு காலத்துக்கு?” என்று பதில் வந்தது.

2008இல் அந்தக் கேள்வி உலகத்துக்கே வந்தது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கான ரொட்டிகோட்டின் பிளாஸ்ரருக்கு அமெரிக்காவில் 2007இல்தான் அனுமதி கிடைத்திருந்தது. சிலிக்கோன் பசைக்குள் மருந்து. சீக்கிரமே பிளாஸ்ரர்களில் பனிச்செதில் வடிவத்தில் பளிங்குகள் படரத் தொடங்கின. பளிங்கான மருந்து தோலுக்குள் போகாது. மறு வருடமே அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை மீளப்பெற்றார்கள். ஐரோப்பாவில் குளிரூட்டியில் வைத்து விநியோகித்தார்கள்.

அப்போது யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சேரிடம் சொன்னேன். ஓய்வுபெற்று நெடுங்காலம் ஆகியிருந்தது. குரல் தளர்ந்திருந்தது. நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “முதல் துண்டு எங்கேயிருந்து விழுந்தது?” என்றார்.

பின்னர் வெளிவந்த விடை அவருக்குப் பிடித்தமானதாக இருந்திருக்கும். அதுவரை யாரும் கண்டிராத, முன்னையதைவிட உறுதியான புதிய பளிங்கு வடிவம் ஒன்றை ரொட்டிகோட்டின் எடுத்திருந்தது. பழைய வடிவத்தை வைத்துப் பார்த்தபோது பாதுகாப்பாகத் தெரிந்த செறிவு, புதிய வடிவத்துக்கு மிகைநிரம்பல். பிடித்துவைக்கும் பல்பகுதியத்தின் பங்கைக் கூட்டி, 2012இல் அந்தப் பிளாஸ்ரர் அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தது. உயர்தர வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அதை எடுக்கத் தகுதியான ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு இருந்தார்.

ரொறன்ரோவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் 90களில் படித்த தம்பி ஒருவரைச் சந்தித்தேன். ஸ்காபரோவில் மருந்தாளர். தினமும் பிளாஸ்ரர் பெட்டிகளை எடுத்துக் கொடுப்பவர். பேச்சு மிகைநிரம்பலுக்கு வந்தபோது, “எங்களுக்குச் சேர் பனங்கற்கண்டில்தானே காட்டினவர்” என்றார். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஆய்வுகூட அலமாரிகள் வெறுமையாகிவிட்டனவாம். சேர் கருப்பநீரைக் காய்ச்சிப் பாணியாக்கி, ஒரு போத்தலுக்குள் நூலைத் தொங்கவிட்டு, அறை மூலையில் வைத்திருக்கிறார். கிழமைக்கணக்கில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னர் பிள்ளைகள் போய் நூலைப் பார்ப்பார்களாம். குண்டுச் சத்தத்தில் பதுங்கு குழிக்கு ஓடிவிட்டுத் திரும்பி வந்து, முதலில் எட்டிப் பார்த்தது அந்தப் போத்தலைத்தானாம்.

ஆய்வுகூடத்தில் சேருக்கு உதவியாக யார் இருந்தார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை, சேர் தனியத்தான் என்றார். போத்தல் கழுவியதும் அவரே.

எங்கள் வகுப்பில் இரசாயனவியலை விரும்பிப் படித்தவர்களில் ஒருவராவது ஊரில் தங்கவில்லை. காரணங்கள் எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெளிக்கிட்டதால்தான் இந்தப் பசையையும் பல்பகுதியத்தையும் படித்தேன், பிள்ளைகளை வளர்த்தேன். சேரும் ஒருநாளாவது ஏன் போனாய் என்று கேட்டதில்லை. கேள்வி கேட்காமல் இருக்கமுடியாத அந்த மனிதர் அதை மட்டும் கேட்கவில்லை என்பது இப்போது மனதை அறுக்கிறது. கட்டடத்துக்கும் கணினிக்கும் சங்கத்தின் மூலம் நாங்கள் பணம் அனுப்பியிருக்கிறோம். அந்த வருடங்களில் அவருக்குத் தேவைப்பட்டது, அடுத்த வகுப்பை எடுக்கக்கூடிய இன்னோர் ஆசிரியர். என்னால் அது முடிந்திருக்கும்.