பெட்ரோல் எதுவரை வந்து நிற்கிறது?

சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தின்கீழ் பதிந்த கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் இறங்கலாம். மிச்ச நாளெல்லாம் அது நிற்கும் இடத்திலேயே நிற்கிறது, தொட்டிக்குள் பெட்ரோலும் சேர்ந்து கிடக்கிறது. பழைய காரில் வரும் எரிபொருள் கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படிச் சும்மா கிடப்பதில் தொடங்குபவை. பாதி காலியான தொட்டியின் சுவரில் நம் ஊர் ஈரக்காற்று வேர்த்து, மெல்லத் துரு பிடிக்கும். பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போய், வார்னிஷ் வாடை அடிக்கும் மிச்சம்தான் தங்கும்.

கார் விக்கி விக்கி நின்றதும் பலரின் கை நேரே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகுக்குப் போகிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பெட்ரோல் கார்புரேட்டர் வரை வருகிறதா என்று தெரிவதற்கு முன்னால் திருகினால், சரியாக இருந்த கலவையும் கெட்டு ஒரு கோளாறு இரண்டாகிவிடும். அதற்கும் முன்னால் பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். பொறிக்கு உதவும் சிறு மின்பாகமான கண்டென்சர் சூடானதும் செத்துப்போனால், கார் பெட்ரோல் வராததைப் போலவே நடிக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. பொறி போனால் எஞ்சின் சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நிற்கும். பெட்ரோல் வற்றினால் இழுவை குறைந்து, குலுங்கி, தயங்கித்தான் நிற்கும்.

பொறி நன்றாக இருந்தால் கார்புரேட்டரிலிருந்து தொட்டியை நோக்கிப் பின்னால் போங்கள். டாட்சன் 1200 போன்ற கார்களில் உள்ள ஹிட்டாச்சி கார்புரேட்டரில், பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையில் சிறிய கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதிலுள்ள குறிக்கு நேராகப் பெட்ரோல் நின்றால் பம்ப், குழாய், ஃபில்டர் எதன்மேலும் பழி இல்லை. ஆனால் கார் நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஆறவிட்டால் கோளாறின் தடயமே போய்விடும்.

சாளரம் இல்லாத கார்புரேட்டரென்றால், கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிக் கண்ணாடிப் புட்டிக்குள் விடுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் வயர் கழன்றிருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்யவே கூடாது. மின் பம்ப் ஒரு நிமிடத்தில் அரை லிட்டராவது தள்ள வேண்டும். எஞ்சினால் இயங்கும் மெக்கானிக்கல் பம்ப் என்றால், ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது விட்டுவிட்டுப் பலமாகப் பீய்ச்ச வேண்டும்.

அந்தப் புட்டியைக் கொட்டிவிடாதீர்கள், பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி முத்துகளாக உருளுவது தண்ணீர். செம்பழுப்புத் தூள் தொட்டித் துரு. மெல்லிய கருப்புத் துணுக்குகள் ரப்பர் குழாய் உள்ளிருந்து உரிவதைச் சொல்கின்றன. வெளியே புதிதுபோல் இருக்கும் குழாயும் உள்ளே உரிந்திருக்கலாம், ஆகவே தொட்டிவரை முழுவதையும் மாற்றுங்கள். இப்போதைய பெட்ரோலுக்குத் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 ரகக் குழாய் நல்லது.

பெட்ரோல் குறைவாக வந்தால் உடனே பம்பைக் குற்றம் சொல்லாதீர்கள். தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் ஒரு சொட்டும் வெளியே கசியாது, அங்கே பம்ப் உறிஞ்சுவதால் காற்றுதான் உள்ளே போகும். பம்புக்கு முன் ஒரு முழம் ஒளிபுகும் குழாயைச் சோதனைக்காக மட்டும் மாட்டிப் பாருங்கள், குமிழ்கள் வரிசையாக ஓடும். இருபது நிமிடம் ஓடிவிட்டு நின்று, சற்றுப் பொறுத்தால் மறுபடி கிளம்பும் கார் என்றால், நின்றதும் தொட்டி மூடியைத் திறந்து கேளுங்கள். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால், தொட்டிக்குள் உறிஞ்சு குழாயின் வலையைத் துரு மூடியிருக்கலாம்.

தீவு விரைவுச்சாலையில் மதிய நெரிசலில் ஊர்ந்துபோகும்போது திணறினால் குழாயில் பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். பம்பின்மேல் ஈரத்துணி போட்டதும் உயிர் வந்தால் அதுதான். காரை நிறுத்திக் கால்மணி நேரம் கழித்துக் கிளப்பும்போது மட்டும் அடம்பிடித்து, பெட்ரோல் வாடை அடித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் கரும்புகையோடு கிளம்புகிறதா? அங்கே மிதவை அறைப் பெட்ரோல் சூட்டில் பொங்கி, எஞ்சினுக்குள் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கிறது. முன்னதற்குக் குழாயைப் புகைபோக்கியிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். பின்னதற்கு வெப்பத் தடுப்புத் தகடும், கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத கட்டையும் வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 1998இல் நின்றதுதான் காரணம் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். ஈயம் இல்லாததால் தேய்வது எஞ்சினின் வால்வு வந்து அமரும் வால்வு இருக்கைதான், இந்தத் திணறலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பெட்ரோல் சரியாக வந்தும் ஓட்டம் கெட்டிருந்தால்தான் கார்புரேட்டரின் முறை. எஸ்யூ வகைக் கார்புரேட்டரில், எஞ்சின் நன்றாகச் சூடானபின், கார்புரேட்டருக்குள் ஏறியிறங்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தள்ளாடி அணைந்தால் பெட்ரோல் போதவில்லை. சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. எஞ்சினை அணைத்துவிட்டு முழுக்கத் தூக்கி விட்டால், பிஸ்டன் ‘டக்’ என்று அடியில் உட்கார வேண்டும். மிதவை அறை வழிந்தால் மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது ஓட்டை. வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிருக்கும் இடத்தில் குமிழ் கிளம்பும். மிதவை நல்லதாக இருந்தால், அறைக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஊசி வால்வையும் பம்ப் அழுத்தத்தையும் பாருங்கள். அழுத்தம் 3 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) மேல் போனால் எஸ்யூவின் ஊசியால் அடைத்து நிற்க முடியாது.

மெக்கானிக்கல் பம்ப் உள்ளவர்கள் ஆயில் குச்சியையும் மோந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை வந்து அளவும் ஏறியிருந்தால் பம்பின் டயஃப்ரம் என்ற உள்சவ்வு கிழிந்து பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்குகிறது. அந்த ஆயிலோடு பட்டறைவரைகூட ஓட்ட வேண்டாம், பேரிங் தேய்ந்துவிடும். பம்பை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே சாவியைத் திருப்புங்கள்.