மூக்கில் ரத்தமும் மூச்சுப் பயிற்சியும்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், இருப்பவர்களுக்கு நான் டிரெசர்தான். காலையில் பிரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்கு முன்பே எழுந்து தியானத்தில் உட்காருவது இளவயதுப் பழக்கம். அதனால் எனக்குக் கிடைத்த பலன் சின்னதல்ல. எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கேட்டு ஒருவர் கத்தும்போதும், "அவனுக்கு லீவு கொடுக்காதே" என்று ஆபீசிலிருந்து போன் வரும்போதும் என் குரல் உயராது. எம்சி தேவைப்பட்டவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஆனால் அந்த நிதானம் என் மேசைக்கு இந்தப் பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களின் கதை வேறு.

மருந்து அடிக்கும் வேலைக்குப் பெரும்பாலும் பெண்கள்தான் போவார்கள். முதுகில் பம்பு, ஒழுகும் மூடி, நனைந்த சட்டை. அப்போது புல்லுக்கு அடித்தது பராகுவாட் என்ற களைக்கொல்லி. நகம் நிறம் மாறி விழும், தோல் வெந்துபோகும், மூக்கில் ரத்தம் வரும். வாய் வழியாக உள்ளே போனால் மாற்று மருந்தே கிடையாது. கையுறையும் முகமூடியும் கேட்டு எழுதினேன். கொஞ்சம் வந்தது. அந்த வெயிலில் முகமூடியோடு வேலை செய்யச் சொல்பவர்கள் ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு நாலு வரிசை நடந்து பார்க்கட்டும்.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் இலவசமாகத் தியான வகுப்பு ஆரம்பித்தார். நல்ல மனிதர், காசு வாங்கமாட்டார். எங்கள் தோட்டத்துப் பெண்கள் சிலரும் போனார்கள். அதில் ஒரு அக்கா மறுநாள் கிளினிக்குக்கு வந்து கேட்டார்: "டிரெசர் ஐயா, மூச்ச உள்ள இழுத்து அப்படியே வையுன்னு சொல்றாரு. மூக்குல ரத்தம் ஒழுகுது, எப்படிய்யா வைக்கிறது?" கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரிக்கிற விஷயமா அது?

ஆசிரியரிடம் சொன்னேன். "ஒவ்வொருத்தரும் தன்னைத் திருத்திக்கிட்டா உலகம் தானா திருந்தும் தம்பி" என்றார். இந்தப் பேச்சை எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரே சந்தேகம்தான். எந்த மருந்தை வாங்குவது என்று முடிவு செய்கிறவர் கோலாலம்பூரில் இருக்கிறார், அவர் இந்த வகுப்புக்கு வருவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் அடிபட்டவர்கள். அவர்களையே இன்னும் கொஞ்சம் பொறுத்துப்போகச் சொல்வது யாருக்கு வசதி?

பராகுவாட்டுக்கு 2002இல் அரசாங்கம் தடை அறிவித்தது, 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல். பெண் தொழிலாளர் உரிமைக்காக நிற்கும் டெனகனித்தா போன்ற அமைப்புகள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களிடம் கேட்டு எழுதி, பல வருடம் விடாமல் குரல் கொடுத்தன. எங்கள் தியானங்களுக்கு அதில் பங்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வகுப்புச் சுவரில் சுவாமி சிவானந்தர் படம் இருந்தது. அவர் கிட்டத்தட்ட என் தொழில்காரர். 1913இல் டாக்டர் குப்புசாமியாக மலாயாவுக்கு வந்து சிரம்பான் பக்கம் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1923இல் இந்தியாவுக்குத் திரும்பிப் போய், அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு வாங்கினார். மருத்துவத்தை உதறிவிட்டு ஆன்மாவைத் தேடியவர் என்றுதான் இங்கே சொல்வார்கள். துறவியான பிறகும் லட்சுமண் ஜூலாவில் யாத்திரிகர்களுக்கு இலவச மருந்தகம் நடத்தினாரே, அதைச் சொல்லமாட்டார்கள். எனக்குப் பிடித்த சிவானந்தர் அவர்தான். ஆனாலும் அவர் செய்தது காயத்துக்குக் கட்டுப் போடுவது, நான் செய்ததும் அதே. சம்பளம், வீடு, நிலம் எல்லாம் வேறு கணக்கு. இதே சுங்கை சிப்புட்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற நேரத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்து 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களையே வாங்கினார். அந்த வழியில் போனால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

இதனால் தியானம் வீண் என்று சொல்லமாட்டேன். வெறும் கோபத்தோடு போராடப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். சிலர் சம்சு சாராயத்தில் முடிந்தார்கள், சிலர் வீட்டில் கை நீட்டினார்கள். பத்து வருடம் இழுக்கிற விவகாரத்தில் மனம் உடையாமல் நிற்க ஏதோ ஒன்று வேண்டும். எனக்கு அது காலைத் தியானம், இன்னொருவருக்குத் தைப்பூசக் காவடி.

ஓய்வுக்குப் பிறகு அதே வகுப்புக்கு நானும் போகிறேன். ஆசிரியர் இன்னும் என்னோடு வாதாடுவார். வாதத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் பின்னால் ஒரு மேசை போட்டுக்கொள்ள அனுமதித்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் அங்கே உட்கார்ந்து சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். வேலையிட விபத்துக்கு 2019 ஜனவரியிலிருந்து அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் அதில் காப்பு உண்டு. இது தெரியாத வங்காளதேசப் பையன்கள் ஏராளம். தியானத்துக்கு வராமல் நேரே மேசைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.