அப்பாயி நேர்ந்துகொண்ட கரும்புத் தொட்டில்

மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தாளுக்குப் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால், முசிறியில் எங்கள் வீட்டில் அப்பாவைப் பெற்ற அப்பாயிக்கென்று உலை வைப்பது நின்றுவிடும். உலகத்து உயிர்களெல்லாம் நோய்நொடி இல்லாமல் வாழவேண்டும் என்று அம்மனே 28 நாட்கள் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். தளிகை என்னும் சமைத்த நைவேத்தியம் நிறுத்தப்பட்டு, துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும் வெள்ளரிப்பிஞ்சும் மட்டுமே அவளுக்குப் படைக்கப்படுகின்ற அந்த நாட்களில், அப்பாயியும் அவற்றைத் தவிர வேறொன்றையும் வாயில் வைத்ததில்லை. வயதான காலத்தில் இதெல்லாம் வேண்டாம் என்று என் தந்தை தடுத்தபோது, "ஆத்தாளே நமக்காக வாயக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கா, எனக்கு என்னய்யா சோறு வேண்டிக் கெடக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்த விரதம் என் தந்தையின் உயிருக்காகத் தொடங்கியது. அவர் சிறுவனாக இருந்தபோது அம்மை கண்டு, உடல் முழுவதும் முத்து வார்த்து, வாழையிலையிலும் வேப்பிலையிலும் கிடத்தப்பட்டிருந்த நாட்களில், "பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடு தாயே, நான் மூச்சுள்ளவரை உன்னோடு பட்டினி இருக்கிறேன்" என்று அப்பாயி நேர்ந்துகொண்டாராம். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே ஈரச் சேலையோடு சமயபுரத்துக்குப் புறப்பட்டுவிட்டதாக உறவினர்கள் இன்றும் சொல்வார்கள். பெரியம்மை நாட்டை விட்டே நீங்கிவிட்டதென்று 1977-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பிறகும் அந்த விரதம் தொடர்ந்தது. நோய் போய்விட்டது என்பதற்காகக் கொடுத்த வாக்கு போய்விடுமா என்பது அவருடைய கணக்கு.

பட்டினி என்று வேலையை அவர் ஒருநாளும் விட்டதில்லை என்பதையும் சொல்லவேண்டும். முசிறியில் கோரைப்பாய் நெசவு பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். மின்தறி வருவதற்கு முன்பு, ஒருவர் கோரையைக் குச்சியில் கோத்துச் செலுத்த, மற்றொருவர் அச்சை இழுத்து அடிக்க, நாளெல்லாம் இருவர் குனிந்து உழைத்தால்தான் பாய் இறங்கும். அச்சடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்பாயி. பங்குனி வெயிலில் வெறும் நீர்மோரோடு, ஒவ்வொரு அடிக்கும் "மகமாயி" என்று சொல்லிக்கொண்டே அடிப்பார். பாய் விற்ற காசில் முதல் நாணயம் மஞ்சள் துணியில் முடிந்து உண்டியலுக்கென்று சாமி மாடத்துக்குப் போய்விடும், மிச்சத்தில்தான் வீடு.

தைப்பூசத்துக்குக் கொள்ளிடக் கரைக்குப் போவதையும் அவர் விட்டதில்லை. அன்றைக்குச் சமயபுரத்தாள் வடகாவிரி எனப்படும் அந்தக் கொள்ளிடத்துக்கு எழுந்தருள, அண்ணனாகிய ஸ்ரீரங்கத்துப் பெருமாளிடமிருந்து பட்டும் மாலையுமாகச் சீர் வந்து சேரும். கூடப்பிறந்த ஒரே தம்பியை இளம் வயதிலேயே இழந்தவர் அப்பாயி. பிறந்த வீட்டுச் சீர் என்பதே இல்லாமல் போனவர், அம்மனுக்குச் சீர் வருவதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, "அவளுக்கு வந்தா எனக்கு வந்த மாதிரி" என்று சொல்லிக்கொண்டு ஆற்றுமணலில் உட்கார்ந்திருப்பார்.

எங்களுக்குத் திருமணமாகிப் பல ஆண்டுகள் குழந்தை இல்லை. பார்க்காத மருத்துவம் இல்லை, உறவுக்காரர்களிடம் கேட்காத பேச்சும் இல்லை. அப்பாயி மட்டும் ஒருநாளும் எங்களை எதுவும் கேட்கவில்லை. கரும்புத் தொட்டில் கட்டுவதாக அவர் நேர்ந்துகொண்டிருந்தது, என் மனைவி கருவுற்ற பிறகுதான் எங்களுக்கே தெரியவந்தது. செய்தி கேட்ட அன்றே கடைவீதிக்குப் போய்த் தொட்டிலுக்கென்று மஞ்சள் சேலை ஒன்று வாங்கி, மடிப்புக் கலையாமல் டிரங்குப் பெட்டியில் வைத்தார். அந்தப் புரட்டாசியிலேயே, படுக்கையில் கிடந்து யாருக்கும் பாரமாகாமல், விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் பிறந்தாள். ஆண்டுத் திவசம் முடிந்து, தீட்டெல்லாம் கழிந்து, இந்தப் பங்குனியில்தான் அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு சமயபுரம் புறப்பட்டோம்.

அம்மாவும் மனைவியும் குழந்தையும் வேனில் வரட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, மஞ்சள் ஆடை கட்டி, ஊர்க்காரர்களோடு நான் நடந்தேன். அப்பாயி நடந்த வழியில் அவருடைய நேர்த்திக்கு நடந்தே போகவேண்டும் என்று மனத்தில் உறுதியாக இருந்தது. குணசீலத்தில் பெருமாளைச் சாலையிலிருந்தே கும்பிட்டுக்கொண்டோம். வெயில் ஏறிய பிறகு தார்ச்சாலை பாதத்தைச் சுட்டெரித்தது. கொப்புளங்கள் உடைந்து, ஓரத்து மண்ணில் கால் வைத்தால் முள், சாலையில் வைத்தால் நெருப்பு என்னும் நிலையில், முன்பின் தெரியாத மனிதர்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்று சாலைமீது குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பானகம் கொடுத்தவர்கள், விசிறியோடு நின்றவர்கள், காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டவர்கள் என்று எத்தனையோ பேர். அவர்கள் குலம் வாழவேண்டும். மண்ணச்சநல்லூரை நெருங்கும்போது அரிசி ஆலைகளிலிருந்து நெல் அவியும் வாசனை வந்தது. பசித்த வயிற்றுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த வாசனையைத் தாண்டித்தான் அப்பாயி ஒவ்வோர் ஆண்டும் வெறும் வயிற்றோடு நடந்து போயிருக்கிறார்.

கோயில் வாசலில் நடப்பதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. வண்டியை விட்டு இறங்குவதற்குள் எலுமிச்சை மாலையைக் கையில் திணிப்பவர்களும், கேட்காமலேயே நெற்றியில் குங்குமத்தை அப்பிவிட்டுப் பணத்துக்குச் சண்டை பிடிப்பவர்களும், வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே அழைத்துப் போகிறேன் என்று காதருகே பேரம் பேசுபவர்களும் பக்தர்களை மொய்க்கிறார்கள். கைக்குழந்தையைப் பார்த்தால் தொட்டில் நேர்த்தி என்று தெரிந்துகொண்டு, இரண்டு கரும்புக்கு அவர்கள் சொல்லும் விலை நெஞ்சை அடைக்கிறது. காசு முடிந்து வைத்து, வயிற்றைக் கட்டி வருகின்ற ஏழைத் தாய்மார்களிடம் இப்படிப் பிடுங்குவது பெரும் பாவம். வரிசையில் மூச்சுவிட இடமில்லாமல் குழந்தைகள் கதறிய வேளையில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் கைகாட்டுவதற்கும் ஆளில்லை. அம்மனைப் பார்க்க வந்தவர்களை இன்னும் கொஞ்சம் கனிவாக நடத்தக்கூடாதா என்று மனம் ஆறவில்லை.

ஆனாலும் அவள் சந்நிதிக்குள் வந்த பிறகு அந்த ஆற்றாமைக்கு என்னிடம் இடமில்லாமல் போயிற்று. சிறுவயதில் அப்பாயியோடு வரும்போதெல்லாம், கைகூப்பிக் கண்ணை மூடினால் தோளில் தட்டுவார். "கண்ண மூடாத சாமி. அவ ராப்பகலா நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கா, நீ கண்ண மூடிக்கிட்டா எப்புடி?" என்பார். அன்றைக்கும் நான் கண்ணை மூடவில்லை. மூலிகைகளால் ஆன திருமேனி என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. தலைமேல் நாகம் குடைபிடிக்க, செந்நிறத் திருமுகத்தில் மூக்குத்தி சுடர்விட, எட்டுத் திருக்கரங்களோடு, அசுரர் தலைமேல் பாதம் ஊன்றி, கருவறை நிறைய அவள் அமர்ந்திருந்தாள். கழுத்து வரைக்கும் பூ. எங்கள் பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடப்பவள் முகத்தில் வாட்டம் தெரியுமோ என்று தேடினேன், சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து தள்ளினார்கள், முன்னாலிருந்து நகரச் சொன்னார்கள். மனைவி குழந்தையை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தாள். அவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்த பிள்ளை வாயடங்கி, அம்மனையே விழி கொட்டாமல் பார்த்தது. குழந்தைக்குக் கண்ணை மூடக்கூடாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? என் அம்மா "அத்தை, ஒங்க பேரன் மக வந்துட்டா பாருங்க" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டார். மாமியாரும் மருமகளுமாக அவர்கள் இருவரும் எத்தனையோ முறை முகம் திருப்பிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாதான் அங்கே தேம்பித் தேம்பி அழுதார். பூசாரி ஒரு கை வேப்பிலையும் பூவும் எடுத்துக் குழந்தையின் மடியில் போட்டார். நான் கேட்பதற்கென்று மனத்தில் வைத்திருந்த எதையும் கேட்கவில்லை. "கொடுத்துவிட்டாய் தாயே" என்ற ஒரு சொல்லுக்குமேல் நாவில் ஒன்றும் வரவில்லை.

வெளியே வந்து, கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அப்பாயி வாங்கி வைத்த மஞ்சள் சேலையில் தூளி கட்டினோம். முன்பக்கம் நானும் பின்பக்கம் மனைவியும் தோள் கொடுக்க, பிள்ளை உள்ளே தூங்கியே போய்விட்டது. கொப்புளம் வெடித்த காலோடு பிராகாரம் சுற்றினேன். வலித்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். முன்னே அம்மா மாவிளக்கு ஏந்திப் போனார். முகம் தெரியாத பெண்கள் தொட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர்களில் பிள்ளைவரம் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் அவள் தொட்டில் கட்டவைக்க வேண்டும். சுற்றி முடித்ததும் மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உண்டியலில் சேர்த்தோம்.

மகமாயி, அன்றைக்கு அம்மையிலிருந்து என் தந்தையைக் கொடுத்தாய், அதனால் நான் பிறந்தேன். இன்றைக்கு எனக்கு மகளைக் கொடுத்தாய். இரண்டுக்கும் நடுவே உன்னோடு சேர்ந்து பட்டினி கிடந்த என் அப்பாயியை உன் காலடியில் வைத்துக்கொள். வருகிற மாசிக் கடைசி ஞாயிறு முதல் பச்சைப் பட்டினி இருக்கப்போவதாக அம்மா வீட்டில் சொல்லிவிட்டார். தடுக்க நினைத்த அப்பாவிடம், அத்தை சொன்ன அதே பதிலைச் சொன்னார்.