முதலில் இறங்கக் கற்றுக்கொடுங்கள்

வாலிபாலில் குதிப்புப் பயிற்சி என்றதும் எல்லாரும் கேட்பது, "எவ்வளவு ஏறுது?" என்றுதான். நெட் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர், கை அதைத் தாண்டி எவ்வளவு போகிறது என்பதிலேயே பிள்ளைகளின் கண் இருக்கும். கடலூர், புதுச்சேரி மைதானங்களில் பயிற்சி கொடுக்கும் எங்களுக்கோ, ஏறினவர் எப்படி இறங்குகிறார் என்பதுதான் பெரிய கவலை. முட்டி ஜவ்வு கிழிவதும் கணுக்கால் பிசகுவதும் பெரும்பாலும் கால் தரையைத் தொடும் அந்த நேரத்தில்தான். அதனால் புதிதாக வருகிறவருக்கு முதல் இரண்டு வாரம் உயரத்தை அளக்கவே கூடாது.

30 செ.மீ. உயரமுள்ள உறுதியான பெட்டி ஒன்று போதும். அதன் மேல் நின்று, எம்பாமல், ஓர் அடி எடுத்து வைத்து அப்படியே இறங்கச் சொல்லுங்கள். இரு காலும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும். பட்டபின் மூன்று நொடி அசையாமல் நிற்க வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் முட்டிகள் உள்பக்கமாக ஒன்றையொன்று நெருங்குகின்றனவா என்று தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் இடுப்பும் முட்டியும் மடிகின்றனவா, விறைப்பாக நிற்கின்றனவா என்று தெரியும். கைப்பேசியில் ஸ்லோமோஷன் எடுத்து ஆடுகிறவரிடமே காட்டினால் பாதி வேலை முடிந்தது. "சத்தம் வராம இறங்கு", "முட்டி கால்விரலுக்கு நேரா போகட்டும்" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். நீண்ட விளக்கம் கேட்ட பிள்ளை அடுத்த முறை இன்னும் விறைப்பாகத்தான் இறங்கும்.

முட்டி உள்ளே சாய்வதற்கு இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் தொடையின் பின்தசையும் வலுவில்லாமல் இருப்பது ஒரு முக்கியக் காரணம். குதிப்பை மட்டும் கூட்டினால் இது சரியாகாது. முட்டிக்கு மேல் ரப்பர் பேண்ட் மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது, மண்டியிட்டவரின் கணுக்காலைக் கூட்டாளி அழுத்திப் பிடிக்க அவர் மெல்ல முன்னால் சாய்வது, இரண்டையும் வாரம் இருமுறை செய்யலாம். முன்னால் சாய்வதை முதல் வாரத்தில் ஐந்து முறை செய்தாலே போதும்; ஆர்வத்தில் கூட்டினால் மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு ஓடவே முடியாது.

இறங்குவது சுத்தமானதும் மூன்றாம் வாரத்தில் நின்ற இடத்தில் எம்புவது, முன்னால் தாண்டுவது, அரைவட்டம் திரும்பி இறங்குவது வரும். ஐந்தாம் வாரத்தில் ஒற்றைக்கால் இறக்கம், எதிரணி அடியை நெட்டருகே கை உயர்த்தித் தடுக்கும் பிளாக் நகர்வோடு எம்புவது, பந்தை ஓங்கி அடிக்க ஓடிவரும் அட்டாக் ஓட்டத்தோடு எம்புவது. வலக்கையால் அடிக்கிறவர் பந்து தள்ளிப் போனால் இடக்காலில் மட்டும் இறங்குவது சாதாரணம். ஆகவே ஒற்றைக்கால் பயிற்சியைத் தவிர்க்கவே முடியாது. இப்படி மூன்று கட்டமாக, ஆறு வாரம், வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்து அமெரிக்கப் பள்ளி வாலிபால் மாணவிகளிடம் செய்த ஆய்வு 1996இல் வெளியானது. இறங்கும்போது விழும் விசை 22 சதவீதம் குறைந்தது. எம்பும் உயரம் 10 சதவீத அளவுக்குக் கூடியது. பாதுகாப்புக்கென்று செய்தால் உயரம் போய்விடும் என்று பயப்படுகிற பயிற்சியாளர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 80 முதல் 100 இறக்கம். அதற்கு மேல் வேண்டாம். உடம்பைச் சூடாக்கியதும் செய்ய வேண்டும், ஆட்டம் முடிந்து களைத்த காலோடு செய்யக் கூடாது. இரண்டு பயிற்சிக்கு நடுவே 48 மணி நேரம் இடைவெளி வேண்டும். சத்தம் கூடினாலோ முட்டி சாயத் தொடங்கினாலோ எண்ணிக்கை பாக்கி இருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கு உடைவது மழைக்காலத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் மண் தரை சேறாகிவிட, பயிற்சி சிமெண்ட் தரைக்குப் போகும். அடுத்தே பொங்கல் போட்டிகள். கடினத் தரை, கூடுதல் குதிப்பு, அதற்கு மேல் போட்டி என்று மூன்றும் சேரும்போது முட்டிச்சில்லுக்குக் கீழே வலி தொடங்கும். சிமெண்ட் தரைக்கு மாறும் வாரத்தில் குதிப்பைப் பாதியாகக் குறைத்தே ஆக வேண்டும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் இறக்கத்தின் அதிர்வைக் குறைக்கும், ஆனால் கால் புதைவதால் தரையிலிருந்து சட்டென்று எழும் பழக்கம் அங்கே வராது. அலையோரச் சரிவிலும் வேண்டாம், கணுக்கால் ஒரு பக்கமாகவே சாயும்.

முட்டிச்சில்லு வலிக்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டு ஒரே நாளில் பழைய அளவுக்குத் திரும்புவது மிகக் கெட்ட வழி. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு அளவான பாரம் வேண்டும். சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் 45 நொடி, ஐந்து முறை, நடுவே இரண்டு நிமிட ஓய்வு என்று தொடங்கலாம். மறுநாள் காலை ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழச் சொல்லி, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். மூன்றுக்குள் என்றால் தொடரலாம். மேலே போனால் குதிப்பைக் குறைக்க வேண்டும். முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது சிக்கினாலோ, நிற்கையில் நழுவினாலோ மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

கணுக்கால் பெரும்பாலும் பிசகுவது நெட்டுக்குக் கீழே, நடுக்கோட்டில். கோட்டைத் தாண்டி வந்த எதிரணி அட்டாக்கரின் பாதத்தின் மேல் பிளாக் போட்டவர் இறங்கிவிடுகிறார். அட்டாக்கர் கடைசி அடியை நீளமாக வைத்தால் உடம்பு நெட்டை நோக்கி மிதந்து போகும். அந்த அடியை அடக்கி, மேல்நோக்கி எழப் பழக்க வேண்டும். எம்பிய இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, இறங்கிய இடத்தை அளந்து பாருங்கள். அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரிடமும் பேச வேண்டும்; பந்தை நெட்டோடு ஒட்டிக் கொடுத்தால் அட்டாக்கருக்கு வேறு வழியில்லை. அரை மீட்டர் தள்ளிக் கொடுக்கட்டும். ஏற்கெனவே பிசகியவர்கள் தினமும் ஒற்றைக்காலில் 30 நொடி நின்று பந்து பிடித்துப் பழகவும், ஆடும்போது கணுக்கால் பிரேஸ் கட்டிக்கொள்ளவும் வேண்டும்.

எம்பி எம்பி செட் போடும் செட்டரின் குதிப்பை யாரும் எண்ணுவதில்லை. பல ஆட்டங்களில் அட்டாக்கரைவிட அவருக்குத்தான் கூட வரும். போட்டி வாரத்தில் தனிக் குதிப்புப் பயிற்சியை நிறுத்தும்போது அவர் பெயரிலிருந்து தொடங்குங்கள்.